புள்ளி வைத்த நோட்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் வருபவரைத் தம்பி என்றே எழுதுகிறேன். ஆலோசனை அறையிலும் அப்படித்தான் கூப்பிட்டேன். இதை அவர் முழுவதும் படித்துப் பார்த்து, இரண்டு இடங்களை நீக்கச் சொல்லி, அதன் பிறகே ஒப்புதல் தந்தார். ஊர், குடும்பத்தின் தொழில் எதுவும் இதில் இல்லை. எந்தச் சமயம் என்பதையும் எழுதவில்லை. அடையாளம் தெரியக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், வெவ்வேறு சமயங்களைச் சேர்ந்த பிள்ளைகள் இதே கதையோடு என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கடவுளின் பெயரை மாற்றினால் போதும், மீதி அப்படியே பொருந்தும்.

வந்த காரணம்

முதல் நாள் வந்தபோது தம்பிக்கு வயது 22. கல்லூரியில் கடைசி ஆண்டு. தூக்கம் வருவதில்லை, படித்தது மனதில் நிற்பதில்லை என்றார். பேசும்போது அவருடைய கைகள் அசையவே இல்லை. படிவத்தில் கையெழுத்துப் போடும்போதுகூட முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. புது இடத்துப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது சந்திப்பில் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அட்டையின் மூலைகள் தேய்ந்து பஞ்சு மாதிரி ஆகியிருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி, கீழே நீலப் பேனாவில் வரிசையாகப் புள்ளிகள். ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. சில பக்கங்களில் ஐந்தாறு புள்ளிகள், சிலவற்றில் முப்பதுக்கும் மேல்.

“இது என்ன தம்பி?”

“தப்பான நினைப்பு வர்ற ஒவ்வொரு தடவையும் ஒண்ணு வைப்பேன் மேடம். 17 வயசுல ஆரம்பிச்சேன். இது பதினோராவது நோட்டு.”

அப்புறம் வெகுநேரம் பேச்சில்லை. பேசியபோது ஒரே மூச்சில் சொன்னார்: “நான் கே. எனக்கு ஆம்பளைங்களைத்தான் பிடிக்கும். இதை மாத்தித் தருவீங்களா?”

அந்தக் கேள்விக்கு அன்றே நேரடியாகப் பதில் சொன்னேன். மாற்ற முடியாது. மாற்ற வேண்டிய நோயும் இது கிடையாது. மாற்றிக் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் அது சிகிச்சை ஆகாது. முதலில் நம்பிக்கையைப் பெறுவோம், உண்மையை மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கும் ஆலோசகர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதினோரு நோட்டு நிறையப் புள்ளி வைத்தவரை இன்னும் ஒரு வாரம் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வளர்ந்த விதம்

தம்பியின் வீட்டில் நாளே வழிபாட்டைச் சுற்றித்தான் ஓடும். கண் விழித்ததும் பிரார்த்தனை, படுக்கும் முன் மறைநூல் வாசிப்பு. அப்பா வழிபாட்டு இடத்தின் பொறுப்பாளர்களில் ஒருவர். அம்மா அங்கே பெண்கள் குழுவை நடத்துபவர். தம்பிக்கு நல்ல குரல். ஒன்பது வயதிலிருந்தே முன்னால் நின்று பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். “அங்க பாடும்போது மட்டும்தான் நான் முழுசா இருப்பேன்” என்று முதல் மாதத்திலேயே ஒருமுறை சொன்னார். நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. அதனால் வந்த வினையைப் பின்னால் சொல்கிறேன்.

பத்து, பதினொரு வயதில், பக்கத்தில் உட்காரும் ஒரு பையன் வராத நாட்களில் மனசு வெறிச்சென்று இருந்ததாம். அவ்வளவுதான் ஆரம்பம். இது அபூர்வமான விஷயமே இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மார்த்தா மெக்கிளின்டாக், கில்பர்ட் ஹெர்ட் இருவரும் 1996-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, முதல் ஈர்ப்பு பெரும்பாலும் பத்து வயதை ஒட்டித் துளிர்க்கிறது என்று காட்டியது. எதிர்பாலீர்ப்பு உள்ள பிள்ளைகளுக்கும் தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளைகளுக்கும் அதே வயதுதான். வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. மற்ற பிள்ளைகளுக்கு அந்த உணர்வைச் சொல்லக் கதை இருக்கிறது, பாட்டு இருக்கிறது, பெரியவர்களின் செல்லக் கேலிகூட இருக்கிறது. தம்பிக்கு எதுவும் இல்லை.

அந்த உணர்வுக்குப் பெயர் 13 வயதில் கிடைத்தது, ஒரு சொற்பொழிவில். உலகம் கெட்டுப்போனதற்கு உதாரணமாக அந்தச் சொல் வந்தது. கூட்டம் தலையாட்டியது. அம்மாவும் தலையாட்டினார். “யாரைச் சொல்றாங்கன்னு நானும் திரும்பிப் பாத்தேன் மேடம். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் புரிஞ்சது.”

நிறத்துக்காகவோ ஏழ்மைக்காகவோ வெளியில் அவமானப்படும் பிள்ளை வீட்டுக்கு ஓடி வரும். வீட்டில் இருப்பவர்களும் அதே நிறம், அதே ஏழ்மை. தன்பாலீர்ப்பு உள்ள பிள்ளைக்கு வீட்டில் தன்னைப் போல ஒருவரும் தெரிய மாட்டார்கள். பக்தியான வீடு என்றால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மனம் நொந்தால் எந்தக் காலடியில் போய் விழுவதற்குச் சின்ன வயதிலிருந்து பழக்கினார்களோ, அந்த இடத்திலிருந்துதான் தீர்ப்பும் வருகிறது. தம்பி அழுத இரவுகளில் பிரார்த்தனை செய்தார். பிரார்த்தனை செய்ததும் இன்னும் அதிகமாகப் பயந்தார்.

14 வயதில், கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைப் பார்த்து உறவினர் ஒருவர் நடித்துக் காட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டது. நடை, சிரிப்பு, குரலின் ஏற்ற இறக்கம், கண் யார்மேல் எத்தனை நொடி நிற்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் காவல் போட்டார். எட்டு வருடக் காவல். தூக்கம் வரவில்லை என்று அவர் என்னிடம் வந்ததில் ஆச்சரியம் ஏதும் இல்லை.

16 முடியும் சமயத்தில், தான் மிகவும் மதித்த ஒரு சமயப் பெரியவரிடம் மனதைத் திறந்தார். அந்தப் பெரியவர் திட்டவில்லை. தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். நாற்பது நாள் நோன்பு இருக்கச் சொன்னார். “நினைப்பு வர்றப்போ எல்லாம் ஒரு குறி போட்டுக்கோ. எண்ண எண்ணக் குறையும்” என்றார். நோட்டு பிறந்தது அப்படித்தான். நாற்பது நாள் முடிந்தது, ஒன்றும் குறையவில்லை. தம்பி பெரியவரைச் சந்தேகிக்கவில்லை, நோன்பையும் சந்தேகிக்கவில்லை. தன் பக்தி போதவில்லை என்று முடிவு செய்துகொண்டு இரண்டாவது நோட்டை வாங்கினார். இந்த மாதிரி வைத்தியத்தில் இதுதான் என்னை மிகவும் பயமுறுத்துவது. குணமாகவில்லை என்றால் பழி மருந்தின்மேல் விழுவதில்லை, எப்போதும் அந்தப் பிள்ளையின்மேல்தான் விழுகிறது.

19 வயதில் கைபேசியில் இருந்த ஒரு செய்தியை அம்மா பார்த்துவிட்டார். வீட்டில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், இந்த ஈர்ப்பை மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு முகாமுக்கு அழைத்துப் போனார்கள். நான்கு நாள் முகாம். அங்கே சொன்னதன் சாரம் இது: அப்பாவின் அன்பு கிடைக்காத பையன் அதை மற்ற ஆண்களிடம் தேடுகிறான், அந்தக் காயத்தைக் கண்டுபிடித்தால் ஈர்ப்பு மாறிவிடும். ஒரு வெற்று நாற்காலியைக் காட்டி, அதில் அப்பா இருப்பதாக நினைத்துக் கோபத்தைக் கொட்டச் சொன்னார்கள்.

தம்பிக்கு அப்பாமேல் கோபம் இருந்ததில்லை. மற்றவர்கள் அழுதார்கள், இவருக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் தேடித் தேடி ஒன்றை எடுத்தார். எட்டாவது படிக்கும்போது பள்ளி விழாவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு அப்பா வராமல் போனது. அதைப் பெரிதாக்கிச் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் பாராட்டினார்கள். வீட்டுக்குத் திரும்பிய பிறகு அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்தால், இவரால்தான் நான் இப்படி என்ற நினைப்பு வந்தது. முகாமில் என்ன நடந்தது என்று அப்பாவுக்குத் தெரியாது. மகன் விலகுவதை மட்டும் பார்த்தார், அவரும் விலகினார். மூன்று வருடம் இருவருக்கும் இடையில் தேவைக்கான சொற்கள் மட்டுமே. அப்பாவுக்கும் மகனுக்கும் இடைவெளி இருப்பதால் ஈர்ப்பு வந்தது என்று சொன்ன அந்தக் கொள்கை, இல்லாத இடைவெளியைத் தன் கையாலேயே உண்டாக்கிவிட்டுப் போயிருக்கிறது.

மதிப்பீடு

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாப்படிவத்தில் 27-க்கு 17. மதிப்பெண் கூடக் கூடச் சோர்வும் கூடுதல் என்று பொருள். கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் பற்றியது. ‘பல நாட்கள்’ என்பதில் டிக் செய்திருந்தார். தற்கொலை எண்ணம் இருக்கிறதா, எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேட்டால் எண்ணம் தூண்டப்படும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, என் அனுபவமும் அப்படி இல்லை. தம்பியிடம் திட்டம் இல்லை. எண்ணம் மட்டும் வந்து வந்து போனது. அன்றே உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதினோம்: எண்ணம் வரப்போகிறது என்பதற்கு என்ன அறிகுறி, அப்போது தானாக என்ன செய்யலாம், யாரைக் கூப்பிடலாம். “யாரை” என்ற இடத்தில் அவர் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு ‘அக்கா’ என்று எழுதினார். திருமணமாகி வேறு ஊரில் இருப்பவர். அவருக்கு அதுவரை எதுவும் தெரியாது. மனச்சோர்வுக்காக மனநல மருத்துவரிடமும் அனுப்பினேன், மருந்து தொடங்கினார்கள்.

எண்ணிக்கொண்டே இருப்பதைப் பார்த்து ஓசிடியாக, அதாவது ஒரே நினைப்பும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் மனநோயாக இருக்குமோ என்று மருத்துவரும் நானும் பேசினோம். அந்தச் சாயல் இருந்தது. ஆனால் தம்பியின் புள்ளிகள் அவர் மனதில் தானாக முளைத்த சடங்கு கிடையாது, ஒருவர் சொல்லிக் கொடுத்த பயிற்சி. அந்தப் பயிற்சி ஏன் பலிக்காது என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மணி அடித்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்றபோது, முன்னால் அடக்கி வைத்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். இதைச் சொன்னதும் தம்பி நோட்டைத் திறந்து பார்த்தார். நோன்பு நாட்களின் பக்கங்களில்தான் புள்ளிகள் அதிகம்.

“அப்போ நான் நோயாளி இல்லையா?” என்று அடுத்த வாரம் கேட்டார். அவருக்கு நான் சொன்னதை இங்கும் சொல்கிறேன். 1957-ல் ஈவ்லின் ஹூக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், தன்பாலீர்ப்பு உள்ள 30 ஆண்களையும் எதிர்பாலீர்ப்பு உள்ள 30 ஆண்களையும் வயது, படிப்பு, அறிவுத்திறன் பொருந்தும்படி எடுத்து உளவியல் சோதனைகள் செய்தார். பெயரை மறைத்து விடைகளை நிபுணர்களிடம் கொடுத்தபோது யார் எந்தப் பக்கம் என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. 1990 மே 17 அன்று உலக சுகாதார நிறுவனமும் எடுத்தது. தம்பி பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன விஷயம். அவர் வீட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

அப்படியானால் 17 என்ற அந்த மதிப்பெண் எங்கிருந்து வந்தது? இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் விளக்குகிறது. சிறுபான்மையாக இருப்பவர் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு கூடுதல் பாரத்தைச் சுமக்கிறார். வெளியிலிருந்து வரும் அவமானம் ஒன்று. எப்போது வருமோ என்று காத்திருப்பது, தன்னை ஒளித்துக்கொண்டே இருப்பது, வெளியில் சொன்னதைத் தானே நம்பித் தன்னை வெறுப்பது ஆகியவை அதற்கு மேல். தம்பியின் கதையில் முதலாவதைவிட மற்ற மூன்றும்தான் கனமானவை. முகத்துக்கு நேராக அவரை யாரும் அடித்ததில்லை, விரட்டியதில்லை. எல்லோரும் அன்பாகவே இருந்தார்கள். அந்த அன்பு, அவர் ஒளித்து வைத்திருந்த பையனுக்குக் கிடைக்கவில்லை.

என் தவறு

இரண்டாம் மாதத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். வழிபாட்டுக்குப் போய் வந்த நாட்களில் புள்ளிகள் கூடுவதைப் பார்த்து, “கொஞ்ச நாள் போகாம இருந்து பாருங்களேன் தம்பி” என்றேன். எனக்கு அது நியாயமாகப் பட்டது. புண் எங்கே உரசுகிறதோ அந்த இடத்திலிருந்து விலகுவதுதானே முறை?

அடுத்த மூன்று வாரம் அவர் வரவில்லை. அழைப்பை எடுக்கவில்லை. பாதுகாப்புத் திட்டத்தில் இருந்த அக்காவைக் கூப்பிட வேண்டியிருக்குமோ என்று தவித்துக்கொண்டிருந்தபோது, நலமாக இருக்கிறேன் என்று மட்டும் ஒரு செய்தி வந்தது. நான்காவது வாரம் வந்து உட்கார்ந்து சொன்னார்: “அவங்களும் நீங்களும் ஒரே கேள்வியைத்தான் கேக்கறீங்க மேடம். கடவுளா, நீயான்னு.”

எனக்குப் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். பாடும்போது மட்டும்தான் முழுசா இருப்பேன் என்று அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டு மறந்திருக்கிறேன். அந்த இடத்தை விடச் சொன்னது, மிச்சம் இருந்த ஒரே மூச்சுக்குழாயை அடைக்கச் சொன்ன மாதிரி.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2009-ல் தந்த அறிக்கை இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது. 83 ஆய்வுகளை அலசி, ஈர்ப்பை மாற்றும் முயற்சிகள் பலிக்க வாய்ப்பில்லை, தீங்கு நேரும் அபாயம் உண்டு என்று சொன்ன அதே அறிக்கை, பக்தி உள்ளவர்களின் பக்தியையும் மதிக்க வேண்டும், எந்தப் பக்கத்துக்கும் அவர்களைத் தள்ளக்கூடாது என்றும் சொல்கிறது. முதல் பாதியை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். இரண்டாம் பாதியைத் தம்பிதான் எனக்குப் படிக்க வைத்தார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. பக்தி பொதுவாகத் தற்கொலை எண்ணத்திலிருந்து காக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் 21,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் தரவை வைத்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், தன்பாலீர்ப்பு உள்ளவர்களிடம் அந்தக் காப்பு வேலை செய்யவில்லை. அவர்களில் சமயம் தனக்கு மிக முக்கியம் என்றவர்களிடம் தற்கொலை எண்ணம் அதிகமாகவே இருந்தது. ஆகவே என் கவலை பொய்யில்லை. விடச் சொல்வதும் ஆபத்து, அப்படியே போய் வரச் சொல்வதும் ஆபத்து. இந்த இடுக்கில்தான் தம்பியோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தது.

நோட்டைப் படித்தோம்

நோட்டை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரே ஒரு மாற்றம் கேட்டேன். புள்ளி வைக்கும்போது பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள், அதற்கு முந்தைய நொடியில் என்ன நடந்தது என்று.

ஒரு வாரம் கழித்து வந்தார். ஒரு நாளுக்கான பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். 31 புள்ளிகள். ‘பஸ்ஸில் இடம் கொடுத்தார்’, ‘சிரிச்சான்’, ‘கை ஆடிடுச்சு’, ‘அம்மா பாத்தாங்க’, ‘கை ஆடிடுச்சு’, ‘குரல்’, ‘தோளில் கை போட்டான்’, ‘ஃபோன் திருப்பி வச்சேன்’, ‘அம்மா பாத்தாங்க’. உடல் ஆசை என்று தம்பியே ஒப்புக்கொண்டவை நான்கு. யாரோ ஒருவரின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஏக்கம் ஏழு. மீதி இருபதும் பயம்.

தம்பி விரலை வைத்து இரண்டு முறை எண்ணினார். “இத்தனை வருஷம் பயந்ததை எல்லாம் பாவம்னு எண்ணி வச்சிருக்கேனா?” என்றார். அன்றுதான் முதல்முறையாக அந்த அறையில் அழுதார். கண்ணைத் துடைக்கக் கை உயர்ந்தபோது முழங்கை விலாவிலிருந்து விலகியிருந்தது. அதை நான் பார்த்தேன், ஆனால் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு காவல் போட்டுவிடுவார்.

அதற்குப் பிறகு வேலை எளிதானது என்று சொல்ல மாட்டேன், திசை தெரிந்தது. நான்கு புள்ளிகளைப் பற்றிப் பேச அவருக்கு வெட்கம் குறைந்தது. 22 வயது உடம்பில் நான்கு முறை ஆசை எழுவதில் என்ன அதிசயம்? ஏழு ஏக்கங்களைப் பற்றிப் பேசும்போதுதான் தனிமை எவ்வளவு பெரியது என்று இருவருக்கும் புரிந்தது. இருபது பயங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சின்னச் சின்னச் சோதனைகள் செய்தோம். ஒரு கடையில் கையை ஆட்டிப் பேசிப் பார்ப்பது. நண்பன் தோளில் கை போட்டால் நகராமல் பத்து நொடி இருப்பது.

பிரார்த்தனையைப் பற்றி நான் எதுவும் சொல்லித் தரவில்லை, அது என் வேலையும் அல்ல. அவரே ஒன்று செய்தார். 13 வயதிலிருந்து அவருடைய எல்லாப் பிரார்த்தனையும் “என்னை மாத்து” என்பதுதான். ஒரு வாரம் அந்த வேண்டுதலை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொல்லிப் பார்த்தாராம். “சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு மேடம். சும்மா உக்காந்திருந்தேன். ரொம்ப நாள் கழிச்சு அங்க யாரோ இருக்கற மாதிரி இருந்துச்சு.”

குடும்பம்

அக்காவிடம் முதலில் சொன்னார், தொலைபேசியில். அக்கா ஒரு நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு, “நீ சாகணும்னு நினைச்சியா?” என்று மட்டும் கேட்டாராம். ஆமாம் என்றதும் அடுத்த நாளே கிளம்பி வந்துவிட்டார். அம்மாவையும் அப்பாவையும் என்னிடம் அழைத்து வந்தது அவர்தான்.

அம்மா ஒரு காகிதத்தை மடித்து வைத்திருந்தார். மனநல மருத்துவர் ஒருவரின் ஆய்வு, மாறியவர்கள் இருக்கிறார்கள் என்று நிரூபித்ததாக யாரோ அனுப்பியது. அது ராபர்ட் ஸ்பிட்சரின் ஆய்வு. 1973-ல் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுக்க முன்னின்றவர்களில் அவரும் ஒருவர் என்பதால் அதற்கு அவ்வளவு மவுசு. 200 பேரிடம் தொலைபேசியில் கேட்டு எழுதிய அந்தக் கட்டுரை 2003-ல் வந்தது. 2012-ல் அவரே, அந்தப் பேட்டிகளை வைத்து மாற்றம் நடந்ததாகச் சொல்ல வழியில்லை என்று ஒப்புக்கொண்டு, அதை நம்பிக் காலத்தை வீணடித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். சமய அடிப்படையில் இந்த மாற்றத்தைத் தருவதாக வாக்குறுதி கொடுத்த மிகப் பெரிய அமைப்பான எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் 1976-ல் தொடங்கி 2013-ல் தன்னையே கலைத்துக்கொண்டது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேருக்கு ஈர்ப்பு மாறவில்லை என்று அதற்கு முந்தைய ஆண்டே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அம்மா காகிதத்தை மறுபடி மடித்தார். “அப்போ அந்த நாலு நாள் எதுக்கு?” என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

அக்காவுக்காகச் சில எண்களைச் சொன்னேன். கெய்ட்லின் ரயன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர், தன்பாலீர்ப்போ இருபாலீர்ப்போ உள்ள, 21 முதல் 25 வயது வரையிலான 224 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009-ல் வந்தது. வீட்டில் கடுமையாக ஒதுக்கப்பட்டவர்கள், ஒதுக்கல் இல்லாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். அதே குழுவின் 2018 ஆய்வில், மாற்ற முயற்சி எதுவும் நடக்காதவர்களில் தற்கொலைக்கு முயன்றவர்கள் 22 சதவீதம். பெற்றோர் வீட்டில் முயன்றிருந்தால் 48. பெற்றோரும் முயன்று வெளியிலும் அனுப்பியிருந்தால் 63. அந்த அறையில் எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். பெற்றவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதைச் சொல்லவில்லை. தம்பியின் பெற்றோர் பணம் செலவழித்து, பட்டினி கிடந்து, பிள்ளைக்கு நல்லது என்று நம்பித்தான் எல்லாம் செய்தார்கள். ரயன் குழு சொல்வதும் அதுதான்: இவர்களில் பலரும் அன்பில்தான் இதைச் செய்கிறார்கள். அன்பின் பெயரில் நடப்பது பிள்ளைக்கு ஒதுக்கலாகப் போய்ச் சேருகிறது.

அப்பா இரண்டு சந்திப்புகளில் வாயே திறக்கவில்லை. மூன்றாவதில், “எங்க வளர்ப்புல எங்க தப்பு?” என்றார். வளர்ப்பினால் இந்த ஈர்ப்பு வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றேன். சுமார் 4,77,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றிச் சொன்னேன். இதற்கென்று ஒரு தனி மரபணு கிடையாது, பல மரபணுக்கள் சிறு சிறு பங்கு வகிக்கின்றன. மீதி எல்லாம் இன்னும் முழுமையாகப் பிடிபடாத விஷயம். அப்பா தூரமாக இருந்ததால் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

“தூரமா?” என்றார் அப்பா. அந்தச் சொல் அவருக்குப் புதிது. மகன் பக்கம் திரும்பி, “அங்க என்னைப் பத்தி என்னடா சொன்னாங்க?” என்று கேட்டார்.

தம்பி சொன்னார். நாற்காலி, கோபம், பள்ளி விழா எல்லாவற்றையும். அப்பா தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“சின்ன வயசுல காய்ச்சல்ல கெடந்தியே, மூணு நாள் மடியைவிட்டு எறக்காம வச்சிருந்தேனே, அதைச் சொன்னியா அவங்ககிட்ட?”

“அவங்க அதைக் கேக்கலப்பா.”

அந்த மணி நேரத்தில் நான் அதற்கு மேல் பேசவில்லை.

அப்பாவின் சமய நம்பிக்கை மாறவில்லை. “நூல்ல இருக்கறதை இல்லைன்னு என்னால சொல்ல முடியாது” என்றார். அவரை அதற்காக நெருக்குவதில் பயனில்லை என்று நினைத்தேன். நம்பிக்கையை அப்படியே வைத்துக்கொண்டும் செய்யக்கூடியதை மட்டும் கேட்டேன். திருமணப் பேச்சு எடுக்கக்கூடாது. குணமாக வேண்டும் என்று யார் முன்னிலையிலும் அவருக்காகப் பிரார்த்திக்கக்கூடாது. உறவினர் யாராவது நடித்துக் காட்டினால் நிறுத்தச் சொல்ல வேண்டும். முதல் இரண்டுக்கும் உடனே சரி என்றார். மூன்றாவதுக்கு, “அதை நான் அப்பவே செஞ்சிருக்கணும்” என்றார்.

இப்போது

முதல் சந்திப்பு நடந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. பிஎச்க்யூ-9 மதிப்பெண் 6. தற்கொலை எண்ணம் ஐந்து மாதமாக இல்லை. தூக்கம் பரவாயில்லை, தேர்வு நேரத்தில் மட்டும் கெடுகிறது. அம்மாவுக்கும் தம்பிக்கும் இடையில் இன்னும் ஒரு கூச்சம் இருக்கிறது. அம்மா விஷயத்தைப் பேசுவதில்லை, ஆனால் இரவு தம்பி வரும்வரை விழித்திருக்கிறார்.

தீராதது ஒன்று உண்டு. சேதி எப்படியோ வெளியில் கசிந்து, வழிபாட்டில் முன்னால் நின்று பாடும் பொறுப்பைத் தம்பியிடமிருந்து எடுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, வேறு ஒருவரை நிறுத்தினார்கள். பொறுப்பாளர்கள் கூட்டத்தில் அப்பா எழுந்து காரணம் கேட்டிருக்கிறார், பதில் வரவில்லை. தம்பி இப்போது பின்வரிசையில் நின்று பாடுகிறார். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரல் கட்டிக்கொள்கிறது. ஆறுதலாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்பதால் அந்த நேரத்தில் கூட இருக்கிறேன், அவ்வளவுதான். வேறு இடம் தேடலாமா என்ற கேள்வியை அவரே எடுக்கும்வரை நான் எடுக்க மாட்டேன்.

பதினோராவது நோட்டில் பாதிப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. பன்னிரண்டாவது வாங்கவில்லை.

போன சந்திப்பில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். அதே வழிபாட்டு இடத்துக்கு வரும் 15 வயதுப் பையன் ஒருவன், எல்லோரும் போன பிறகு செருப்பு மாட்டும் இடத்தில் நின்று, “அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றானாம். கேட்காமலே ஓடியும் விட்டான். அந்தப் பையன் மறுபடி வந்தால் என்ன சொல்வது, எவ்வளவு தோள் கொடுக்கலாம், எந்த இடத்தில் பெரியவர் ஒருவரின் உதவிக்கு அனுப்ப வேண்டும், அவன் ரகசியம் எப்படிக் காக்கப்பட வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினோம். பாதிதான் முடிந்தது. மீதியை அடுத்த வாரம் பேசுவதாக இருக்கிறோம். வழக்கமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருபவர், இதற்காக ஏழு நாளில் நேரம் கேட்டிருக்கிறார்.